சென்னையில இருந்து ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்திருக்கு: போகணுமா, விட்டுரலாமா?

சேரன்மாதேவி வண்டி | திங்கள், இரவு 9:12

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். வாழைத்தார் ஏத்தி இறக்குததுக்குச் சின்ன யானை வண்டி (மினி லாரி) ஒண்ணு வச்சு ஓட்டிட்டிருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல வண்டி மீனாட்சிபுரத்துல நின்னுச்சு. ஜங்ஷன் பக்கம் அன்னைக்கித் தண்ணி எம்புட்டு ஏறிச்சுன்னு உங்களுக்கே தெரியும். எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சு. இன்சூரன்ஸ்ல இருந்து பாக்க வந்தவரு, "தண்ணி நிக்கும்போதே சாவியத் திருப்பியிருக்கிய, அதனால எஞ்சினுக்குப் பணம் கிடையாது"ன்னு எழுதிட்டாரு. நான் திருப்பவே இல்ல. தண்ணி வடிஞ்சு மூணாம் நாள் மெக்கானிக்தான் போனட்டத் தூக்குனாரு. அதுல இருந்து வண்டி ஓடல, டியூவும் கட்ட முடியல.

போன வாரம் போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிட்டு ஒரு காக்கி கவரக் குடுத்துட்டுப் போனாரு. உள்ள மூணு தாள், அம்புட்டும் இங்கிலீஷ். மக பிளஸ் டூ படிக்கா, அவதான் வாசிச்சுச் சொன்னா. "கடன் குடுத்த கம்பெனி என்னத் தனி நடுவரா நியமிச்சிருக்கு. உங்க மேல 4,12,000 ரூபாய் தாவா. இன்ன தேதி காலையில 11 மணிக்குச் சென்னையில என் ஆபீசுக்கு வரணும். வரலன்னா நீங்க இல்லாமலே விசாரிச்சுத் தீர்ப்புச் சொல்லப்படும்."

இது கோர்ட்டா? கடன் குடுத்தவனே விசாரிக்குத ஆளையும் வைக்கலாமா? பக்கத்து வீட்டு மச்சான், "சும்மா மெரட்டுத காயிதம், கிழிச்சுப் போடு"ங்காவ. வீட்ல அழுதுகிட்டு இருக்காவ. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை வக்கீல் | திங்கள், இரவு 10:47

கிழிக்காதீங்க தம்பி. முதல்ல அதைச் சொல்லிடுறேன். கவரையும் சேர்த்துப் பத்திரமா வைங்க, தபால் முத்திரையில இருக்குற தேதி பின்னால வேணும்.

இது கோர்ட் இல்லை. ஆனா கோர்ட் டிகிரிக்கு, அதாவது கோர்ட் போடுற தீர்ப்பாணைக்கு, உள்ள பலம் இந்தத் தீர்ப்புக்கு உண்டு. 1996ஆம் வருஷத்து ஆர்பிட்ரேஷன் சட்டம், 36ஆம் பிரிவு. ரெண்டு பேர் ஒப்பந்தம் போடும்போதே, "நமக்குள்ள தகராறு வந்தா கோர்ட்டுக்குப் போக மாட்டோம், ஒரு நடுவர் கிட்டப் போவோம்"னு எழுதிக்கிட்டா சட்டம் அதை மதிக்குது. உங்க கடன் ஒப்பந்தத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்க. பொடி எழுத்துல அந்த வரி இருக்கும், நடுவர் எந்த ஊர்ல உக்காருவார்னும் இருக்கும். காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பீங்க, வண்டி வாங்குற அவசரத்துல எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.

இப்ப உங்க முக்கியமான கேள்வி. கடன் குடுத்தவரே தனி நடுவரை வைக்கலாமா? கூடாது. 2015 திருத்தத்துல 12(5) பிரிவும் ஏழாவது அட்டவணையும் வந்துச்சு. ஒரு தரப்போட ஊழியர், ஆலோசகர், வியாபாரத் தொடர்பு உள்ளவர் யாரும் நடுவரா உக்காரக் கூடாதுன்னு அதுல வரிசையாச் சொல்லியிருக்கு. அப்புறம் 2019 நவம்பர்ல பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்குல உச்ச நீதிமன்றம், வழக்கோட முடிவுல ஆதாயம் உள்ளவர் தனி நடுவரைத் தானாவே நியமிக்கவும் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் அமர்வும் இதே கொள்கையைத்தான் பலப்படுத்துச்சு.

ஒரு விலக்கு இருக்கு, அதுல கவனமா இருங்க. தாவா வந்த பிறகு ரெண்டு பேரும் எழுத்துல "இவரே இருக்கட்டும்"னு ஒத்துக்கிட்டா அவர் உக்காரலாம். அதனால யாராவது போன் பண்ணி, "ஒரு சம்மதக் கடிதம் மட்டும் குடுத்துருங்க சார், வட்டியைக் குறைச்சுத் தர்றோம்"னா கையெழுத்துப் போட்டுராதீங்க.

செய்ய வேண்டியது: பதிவுத் தபால்ல நடுவருக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதம். "உங்க நியமனத்துக்கு நான் சம்மதிக்கல, 12(5)ன்படி நீங்க விசாரிக்கத் தகுதியில்ல. இதே கம்பெனிக்கு இதுவரைக்கும் எத்தனை வழக்குல நடுவரா இருந்தீங்கன்னு 12ஆம் பிரிவுப்படி எழுத்துல தெரிவிக்கணும்." மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ ஒரே தரப்பு ஒருத்தரை நியமிச்சிருந்தா அவரோட நடுநிலையிலயே சந்தேகத்துக்கு இடம் இருக்குன்னு அஞ்சாவது அட்டவணை சொல்லுது. இந்த ஆட்சேபத்தைப் பதில் மனு போடுறதுக்கு முன்னாடியோ அதோட சேர்த்தோ எழுப்பிடணும். அதுக்கும் அவர் விலகலன்னா 14ஆம் பிரிவுல கோர்ட்டுக்குப் போகலாம்.

நீங்க போகாம இருந்தா அதையே குத்தத்தை ஒத்துக்கிட்டதா எடுக்கக் கூடாதுன்னு 25ஆம் பிரிவு சொல்லுது. ஆனா எதிர்ல ஆள் இல்லாத இடத்துல கம்பெனி நீட்டுற கணக்குத்தானே ஒரே சாட்சி?

வள்ளியூர்க் காத்தாடி | செவ்வாய், காலை 6:30

தம்பி, நான் கிழிச்சவன். அதனால எழுதுதேன்.

டிராக்டர் கடன். நோட்டீஸ் மூணு வந்துச்சு, மூணையும் பரணுல போட்டேன். சென்னையில நடக்குதது நமக்கென்னன்னு இருந்தேன். ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உக்காந்திருக்கேன், அமீனா ஒரு ஆளோட வாசல்ல நிக்காரு. கையில கோர்ட் உத்தரவு. சென்னைக் கோர்ட் இல்ல, நம்ம ஊருக் கோர்ட்டு. எங்க அம்மா தட்டுல போட்ட சோத்த அப்படியே மூடி வச்சாவ. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

டிராக்டர் போனது கூடப் பெருசு இல்ல. நான் கட்டுன ஏழு டியூ அவிய கணக்குலயே ஏறல. ரசீது என் கிட்ட இருந்துச்சு. ஆனா தீர்ப்பு வந்து மாசக்கணக்காப் போச்சு, யார் கிட்டக் காட்ட?

பாளை வக்கீல் | செவ்வாய், காலை 8:05

காத்தாடி அண்ணாச்சி சொன்னது சட்டப்படியும் அப்படியே நடக்கும். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு: நடுவர் தீர்ப்பை எந்த ஊர்ல சொத்து இருக்கோ அந்த ஊர்க் கோர்ட்டுலயே நேரா நிறைவேற்ற மனுப் போடலாம், சென்னைக் கோர்ட்டு வழியா வரணும்னு இல்ல. ஆனா தீர்ப்பை ரத்துப் பண்ண 34ஆம் பிரிவு மனு போடணும்னா, நடுவர் இருக்கையா எந்த ஊரை ஒப்பந்தத்துல எழுதியிருக்கோ அங்கதான் போகணும். அதுக்குக் கெடு தீர்ப்பு நகல் கைக்கு வந்ததுல இருந்து மூணு மாசம். தகுந்த காரணம் காட்டினா இன்னும் 30 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூடக் கிடையாது. பிடிக்க வர்றவங்க வீட்டு வாசலுக்கே வரலாம், தடுக்கணும்னா நாம சென்னைக்கு ரயில் ஏறணும். இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாப் படல, பல வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்.

பாவூர்சத்திரம் மண்டி | செவ்வாய், பகல் 2:20

இவ்வளவையும் வாசிச்சா மனசு சங்கடப்படுது. நான் 31 வருஷமாக் காய்கறிக் கமிஷன் கடை வச்சிருக்கேன். கேரளாவுக்குப் போற லோடுல தினமும் ஒரு தகராறு இருக்கும். எடை குறைஞ்சுது, தக்காளி நசுங்கிடுச்சு, பாக்கி வரல. ஒண்ணுக்குக் கூட நான் கோர்ட் படி ஏறினது இல்லை. ராத்திரி லோடு ஏத்தி முடிச்சதும் சங்கத்துல உக்காருவோம். அவர் சொல்ற ஆள் ஒருத்தர், நான் சொல்ற ஆள் ஒருத்தர், ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தர். சீட்டைப் பாப்பாங்க, டிரைவர் கிட்டப் போன்ல கேப்பாங்க. ஒரு மணி நேரத்துல முடிஞ்சுரும். மறுநாள் காலையில அதே ஆளுக்கு நான் சரக்கு அனுப்பணும், அதனால யாரும் யாரையும் ஒரேயடியா நசுக்க மாட்டோம்.

பெரியவங்களை வச்சுப் பேசித் தீர்க்கிறது நம்ம மண்ணுல காலங்காலமா உள்ளது. குளத்து மடையில தண்ணி திறக்கிற தகராறுக்கு எந்தக் கோர்ட்டு வந்து தீர்ப்புச் சொல்ல முடியும்? பயிர் காஞ்ச பிறகுதான் வாய்தா வரும். தம்பியும் ஊர்ப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய்க் கம்பெனிக் கிளையில உக்காந்து பேசட்டும்.

நாங்குநேரி டீச்சர் | செவ்வாய், இரவு 8:55

> பெரியவங்களை வச்சுப் பேசித் தீர்க்கிறது நம்ம மண்ணுல காலங்காலமா உள்ளது

அண்ணாச்சி, உங்க சங்கத்தைப் பத்தி எனக்குக் குறை இல்லை. ஆனா இந்த வரியை என்னால அப்படியே விட முடியாது.

என் வகுப்புல படிச்ச ஒரு பிள்ளையோட குடும்பத்தை ஊர்க்கூட்டம் போட்டு ஒதுக்கி வச்சாங்க. அண்ணன்காரன் வேற சாதியில கல்யாணம் பண்ணினதுக்கு. தண்டம் கட்டணும், கட்டுற வரைக்கும் கடையில சாமான் கிடையாது, பால் கிடையாது, துஷ்டி வீட்டுக்குக் கூட யாரும் போகக் கூடாது. கூட்டத்துல அந்தப் பிள்ளையோட அம்மா ஒரு வார்த்தை பேச முடியல. பொம்பளைங்க கூட்டத்துக்கு வரக் கூடாதாம். தன் பிள்ளையைப் பத்தின கூட்டத்துல, தெரு முக்குல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மறுவாரம் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வரல. நான் வீட்டுக்குப் போனப்போ அடுப்படியில உக்காந்து முழங்காலைக் கட்டிக்கிட்டு இருந்தா.

அங்கயும் "நடுவர்கள்" இருந்தாங்க, எல்லாரும் பெரியவங்கதான். அவங்கள்ல ஒருத்தரைக் கூட அந்தக் குடும்பம் கேட்டு வைக்கல. வேண்டாம்னு சொல்லவும் வழி இல்லை. வண்டிக்காரத் தம்பிக்குச் சென்னையில நடக்குறதும் அந்தத் தாய்க்கு ஊர்க்கூட்டத்துல நடந்ததும் எனக்கு ஒண்ணாத்தான் படுது.

2011 ஏப்ரல்ல ஆறுமுகம் சேர்வை வழக்குல உச்ச நீதிமன்றம், வடக்க உள்ள காப் பஞ்சாயத்தையும் நம்ம பக்கத்துக் கட்டப் பஞ்சாயத்தையும் பேர் சொல்லிக் கண்டிச்சு, இது முழுக்கச் சட்டவிரோதம், ஒழிச்சே ஆகணும்னு எழுதியிருக்கு. அது தமிழ்நாட்டுல இருந்து போன வழக்கு. வன்முறை, ஒதுக்கி வைக்கிறது, பொம்பளைப் பிள்ளைங்க மேல நடக்குற குற்றம், இதையெல்லாம் "பேசித் தீர்த்துக்கலாம்"னு உக்காரவே கூடாது. போலீசுக்குத்தான் போகணும்.

பாவூர்சத்திரம் மண்டி | செவ்வாய், இரவு 10:10

டீச்சர் சொல்றது சரி. ரெண்டு தரம் வாசிச்சேன். எங்க கூட்டத்துல ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே பலத்துல இருப்போம், அதனாலதான் ஓடுது. போன வருஷம் ஒரு சின்ன விவசாயி கடைக்காரர் மேல குறை சொல்லி வந்தப்போ, உக்காந்த மூணு பேரும் கடைக்காரங்கதான். அவருக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் கிடைச்சுது. அவர் பக்கம் ஒரு ஆள் வையுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். அடுத்த கூட்டத்துல இதைப் பேசுறேன்.

குற்றாலச் சாரல் | புதன், காலை 11:15

ஊர்க்கூட்டமும் வேண்டாம், வருஷக்கணக்கா வழக்கும் வேண்டாம்னா நடுவுல ஒரு இடம் இருக்கு. கோர்ட்டுக்குள்ளயே இருக்குற சமரச மையம். எங்க குடும்ப வழக்கு அங்கதான் முடிஞ்சுது, அதனால தைரியமாச் சொல்றேன்.

பாகப்பிரிவினை வழக்கு. நாங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் கொஞ்சம் வயல், ஒரு கிணறு. ஆறு வருஷமா வாய்தா. ஜட்ஜ் அம்மா ஒரு நாள், "சமரசத்துக்குப் போய்ப் பாருங்களேன்"னு அனுப்பினாங்க. சிவில் நடைமுறைச் சட்டம் 89ஆம் பிரிவுல அப்படி அனுப்பலாமாம்.

நான் இன்னொரு கோர்ட்டுன்னு நினைச்சுத்தான் போனேன். அங்க மேடை கிடையாது, கூண்டு கிடையாது. ஒரு வட்ட மேசை, தண்ணிப் பாட்டில், எல்லாருக்கும் ஒரே உயரத்துல நாற்காலி. சமரசர் ஒரு வக்கீல் அம்மா. முதல்லயே சொல்லிட்டாங்க: "நான் தீர்ப்புச் சொல்ல வரல. இங்க பேசுறது வெளிய போகாது, கோர்ட்டுலயும் சாட்சியா வராது. எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போகலாம், வழக்கு பழைய இடத்துலயே இருக்கும்."

அப்புறம் ஒவ்வொருத்தரையாத் தனியா வச்சுப் பேசினாங்க. என் கிட்ட வயல் கணக்கே கேக்கல. "அண்ணன் மேல எப்ப இருந்து கோவம்?"னு கேட்டாங்க. என் வாயில தானா வந்துச்சு: அண்ணன் மக கல்யாணப் பத்திரிகையில எங்க வீட்டுக்காரர் பேரைப் போடல. ஆறு வருஷ வழக்குல எந்த மனுவுலயும் எழுதாத விஷயம். அண்ணன் கிட்டக் கேட்டப்போ, அப்பா படுத்துக் கிடந்த மூணு மாசம் நாங்க எட்டிப் பாக்கலன்னு அவன் அழுதிருக்கான். நாங்க வந்தோம், அவன் டூட்டிக்குப் போயிருந்த நேரத்துல. அம்மா சொல்லல.

நாலாவது அமர்வுல முடிஞ்சுது. கிணத்துக்குப் போற பாதை மூணு பேருக்கும் பொது, மோட்டார் முறை வச்சு, வயலை ஈவு வச்சு அளந்தாச்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டோம், கோர்ட்டு அதையே டிகிரியாப் போட்டுடுச்சு. கட்டின கோர்ட் கட்டணம் முழுசும் திரும்பி வந்துச்சு. தமிழ்நாட்டுக் கோர்ட் கட்டணச் சட்டம் 69-ஏ பிரிவுன்னு வக்கீல் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றத்துல 2005 ஏப்ரல் 9ஆம் தேதி தொடங்கின தமிழ்நாடு சமரச மையம்தான், நாட்டுலயே கோர்ட்டோட சேர்ந்து வந்த முதல் சமரச மையமாம்.

எல்லாருக்கும் இப்படி முடியாது. எங்களுக்கு அடுத்து உக்காந்திருந்த புருஷன் பொண்டாட்டி அரை மணி நேரத்துல எந்திரிச்சுப் போனாங்க. அந்தம்மா மூஞ்சியைப் பாத்தப்போ, போனதுதான் சரின்னு தோணுச்சு.

கோவில்பட்டி நூல்மில் | புதன், இரவு 9:40

பொடி எழுத்துன்னதும் எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருது. நான் ஒரு ஸ்பின்னிங் மில்லுல கணக்கு எழுதினவன். மில் பேர் வேண்டாம்.

வெளிநாட்டுப் பருத்தி வாங்கினா ஒப்பந்தத்துக்கு அடியில ஒரு வரி வரும்: "லிவர்பூல் விதிகளின்படி". இங்கிலாந்து லிவர்பூல்ல சர்வதேசப் பருத்திச் சங்கம்னு ஒண்ணு இருக்கு, 1841ல பருத்தித் தரகர்கள் சேர்ந்து தொடங்கினது. உலகத்துல பெரும்பாலான பருத்தி ஏற்றுமதி அவங்க விதியிலதான் நடக்குது. தகராறு வந்தா நடுவர்கள் அங்க, சட்டமும் இங்கிலாந்துச் சட்டம்.

2011ல பருத்தி விலை மார்ச் மாசம் உச்சிக்குப் போய்ச் சடசடன்னு விழுந்துச்சே, அப்ப எங்க முதலாளி உச்சி விலையில பேசின சரக்கை எடுக்க மாட்டேன்னுட்டார். எடுத்திருந்தா மில்லை மூட வேண்டியதுதான், அவர் நிலைமையும் எனக்குப் புரிஞ்சுது. லிவர்பூல்ல இருந்து கடிதம் வந்துச்சு, மெயில் வந்துச்சு. "அவன் எங்க, நாம எங்க" அப்படின்னு பதிலே போடல. எதிர்ல ஆள் இல்லாமலே தீர்ப்பு. பணம் கட்டலன்னதும் எங்க மில் பேர், நிறைவேறாத தீர்ப்புகள் பட்டியல்ல ஏறிடுச்சு. அதுக்கப்புறம் அந்தச் சங்கத்து வியாபாரி ஒருத்தர் கூட எங்களுக்கு விலை சொல்லல. கோர்ட்டு, அமீனா எதுவும் இல்லாமலே கழுத்தைப் பிடிச்சுட்டாங்க.

1958 நியூயார்க் உடன்படிக்கையில இந்தியா இருக்குறதால அந்தத் தீர்ப்பை இங்க உள்ள கோர்ட்டு மூலமாவும் நிறைவேத்தலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு சொல்லணும். பதில் போட்டிருந்தா எங்க தரப்புக்கு ஒரு நடுவரை நாங்களே சொல்லியிருக்கலாம், அந்த விதியில அதுக்கு இடம் இருந்துச்சு. குடுத்த வாய்ப்பை நாங்கதான் விட்டோம். இந்தத் தம்பிக்கு அந்த வாய்ப்பே குடுக்கல. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க முடியாது.

வீரவநல்லூர்த் தறி | வியாழன், காலை 7:20

சின்னத் தொழில் பண்றவங்க இதை வாசிச்சா என்னோடதையும் தெரிஞ்சுக்கோங்க. துணிப்பை தைச்சுக் குடுத்தேன், ஒரு பெரிய கம்பெனி 14 மாசமாப் பணம் தரல. வக்கீல் நோட்டீசுக்கும் பதில் இல்ல. தொழில் மையத்துல ஒரு அதிகாரி சொல்லித்தான் சிறுதொழில்காரங்க பாக்கிக்கு மத்திய அரசு தொடங்கின சமாதான் இணையதளத்துல மனுப் போட்டேன்.

2006ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டத்துல, வாங்கினவர் அதிகபட்சம் 45 நாளைக்குள்ள பணம் தரணும். தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிச்ச வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. மனு வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். அவங்க முதல்ல சமரசம் பேசுவாங்க, படியலன்னா அவங்களே நடுவரா உக்காருவாங்க, இல்ல ஒரு நடுவர் அமைப்புக்கு அனுப்புவாங்க. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கினவர் கோர்ட்டுக்குப் போகணும்னா முதல்ல 75 சதவீதப் பணத்தைக் கட்டிட்டுத்தான் போகணும்.

எனக்கு சமரசத்துலயே முடிஞ்சுது. அசல் முழுசும் வந்துச்சு, வட்டியில பாதியை விட்டுக் குடுத்தேன். தறிக்கு நூல் வாங்கக் கையில காசு இல்லாத நேரம் அது. ஒரு எச்சரிக்கை: சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே உதயம் பதிவு (சிறுதொழில்னு அரசாங்கத்துல பதியுறது) இருக்கணும். 2022 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிட்டுது. எங்க தெருவுல ரெண்டு பேர் இதுல மாட்டிக்கிட்டாங்க.

சேரன்மாதேவி வண்டி | வியாழன், இரவு 9:30

எல்லாரும் எழுதுனத மக உக்காத்தி வச்சு வாசிச்சுக் காட்டுனா. காத்தாடி அண்ணாச்சி எழுதுனத வாசிச்சப்போ வீட்ல எல்லாரும் பேச்சு மூச்சு இல்லாம இருந்தோம். மச்சானும் கேட்டாவ, இப்போ அவியளே "கடிதம் போடு"ங்காவ.

வக்கீல் சார், ரெண்டு சந்தேகம். கடிதம் எழுத வக்கீல் வைக்க என் கிட்டப் பணம் இல்ல. அப்புறம் இன்சூரன்ஸ் பணம் வந்திருந்தா நான் இந்தக் கடனையே கட்டியிருப்பேன். அத எங்க போய்க் கேக்க?

பாளை வக்கீல் | வியாழன், இரவு 11:20

ரெண்டுக்கும் ஒரே கட்டடத்துல பதில் இருக்கு. பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்துல மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 15100ங்கிற எண்ணுக்கும் கூப்பிடலாம்.

இலவச வக்கீல் யாருக்கெல்லாம்னு 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்துல 12ஆம் பிரிவு சொல்லுது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வருமானம் குறைஞ்சவங்க எல்லாரும் அதுல உண்டு. பலருக்குத் தெரியாத ஒண்ணும் உண்டு: வெள்ளத்துல பாதிக்கப்பட்டவங்க. நீங்க அந்த வகையிலயே கேக்கலாம். வெள்ள நிவாரணம் வாங்கின சீட்டோ, வி.ஏ.ஓ. சான்றோ இருந்தா எடுத்துட்டுப் போங்க.

இன்சூரன்சுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடுற மக்கள் நீதிமன்றத்தோட இதைக் குழப்பிக்காதீங்க. அங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு. நிரந்தர மக்கள் நீதிமன்றம் 2002 திருத்தத்துல வந்தது. போக்குவரத்து, தபால், மின்சாரம், தண்ணி, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் மாதிரி பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும், 1 கோடி ரூபாய் வரைக்கும். முதல்ல சமரசம் பேசிப் பாப்பாங்க. படியலன்னா அவங்களே தகுதி பாத்துத் தீர்ப்புச் சொல்லலாம். கோர்ட் கட்டணம் கிடையாது, அப்பீலும் கிடையாது. அப்பீல் இல்லாததால பேப்பர் எல்லாம் முதல் நாளே சுத்தமா இருக்கணும். "நான் திருப்பல"ன்னு நீங்க சொல்றது போதாது. போனட்டைத் தூக்கின மெக்கானிக் என்ன பாத்தார், சாவி அப்ப எங்க இருந்துச்சு, தேதியோட எழுதி வாங்குங்க.

டீச்சர் சொன்னதோட ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். 2023ல மீடியேஷன் சட்டம் வந்துச்சு. அந்த அக்டோபர்ல சில பிரிவுகளை மட்டும் அமலுக்குக் கொண்டு வந்தாங்க. அந்தச் சட்டத்துல சமூக சமரசம்னு ஒரு அத்தியாயமே இருக்கு. ஊர் அமைதி கெடுற மாதிரி அக்கம்பக்கத் தகராறுன்னா, ரெண்டு தரப்பும் சம்மதிச்சா மூணு சமரசர்கள் உக்காரலாம். சமரசர் பட்டியல்ல பெண்களுக்கும் மத்த பிரிவினருக்கும் இடம் குடுக்கிறதையும் சொல்லியிருக்கு. ஆனா அந்த ஒப்பந்தம் கோர்ட் டிகிரி மாதிரி ஆகாது. முதல்ல அது ஒரு குறைன்னு நினைச்சேன். டீச்சர் எழுதினதை வாசிச்ச பிறகு, அதைப் பாதுகாப்பாத்தான் பாக்குறேன்.

நாங்குநேரி டீச்சர் | வெள்ளி, காலை 6:50

நன்றி சார். பட்டியலை யார் தயாரிக்கிறாங்க, அதுல எந்தத் தெரு ஆள் இருக்காங்கன்னு பாக்காம நான் நம்ப மாட்டேன். ஆனா எழுத்துல இருக்குறது நல்லது. அதைக் காட்டிக் கேக்கலாம்.

சேரன்மாதேவி வண்டி | இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 8:15

பதில் போட நாளாயிருச்சு, மன்னிக்கணும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஒரு வக்கீல் அம்மாவ வச்சுக் குடுத்தாவ, ஒரு பைசா வாங்கல. வெள்ள நிவாரணச் சீட்டக் காமிச்சேன். கடிதம் ரெண்டு பக்கம், நீங்க சொன்ன அதே 12(5). பதிவுத் தபால் ரசீத மக நோட்டுல ஒட்டி வச்சிருக்கா. பதினெட்டு நாள் கழிச்சு அந்த நடுவர் கிட்ட இருந்து ஒரே வரி வந்துச்சு: "இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன்." எத்தன வழக்குல இருந்தாருன்னு கேட்டதுக்குப் பதில் இல்ல.

அதுக்கு மறுவாரம் கம்பெனியில இருந்து போன். மொதல்ல சம்மதக் கடிதம் கேட்டாவ, குடுக்க மாட்டேன்னேன். அப்புறம், "மக்கள் நீதிமன்றத்துல வச்சுப் பேசலாமா"ன்னாவ. பாளையங்கோட்டையிலன்னா வாரேன்னு சொல்லிட்டேன். வார ரெண்டாவது சனிக்கெழம தேதி. வண்டி ஓடாத மாசத்துக்கு அபராத வட்டி போட்டத எடுக்கணும், மிச்சத்த 24 மாசமாப் பிரிக்கணும், இதான் என் கேள்வி. இன்சூரன்ஸ் மனுவ நிரந்தர மக்கள் நீதிமன்றத்துல தனியாப் போட்டாச்சு, அதுக்கு அடுத்த மாசம் அழைப்பு.

மெக்கானிக் எழுதிக் குடுத்துட்டாரு. வண்டிச் சாவி அந்த மூணு நாளும் என் வீட்டு ஆணியில தொங்குனதப் பக்கத்து வீட்டு மச்சானும் எழுதித் தாரேன்னுட்டாவ.

சனிக்கெழம வேற என்ன கொண்டு போகணும்?

பாளை வக்கீல் | ஞாயிறு, இரவு 9:02

ரொம்ப சந்தோஷம் தம்பி. கடன் ஒப்பந்த நகல், இதுவரைக்கும் கட்டின எல்லா டியூவுக்கும் ரசீது, பேங்க் பாஸ்புக், ஆதார். கம்பெனியோட கணக்கு நகலை முந்தின நாளே கேட்டு வாங்கி உங்க ரசீதோட வரிக்கு வரி டிக் அடிச்சுப் பாத்துடுங்க. காத்தாடி அண்ணாச்சிக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது. மக்கள் நீதிமன்றத்துல கையெழுத்துப் போட்டா அதுக்கு அப்பீல் கிடையாது. புரியாம போடாதீங்க, தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. தொகை ஒத்து வரலன்னா எந்திரிச்சு வந்துரலாம், யாரும் பிடிச்சு வைக்க மாட்டாங்க.

வள்ளியூர்க் காத்தாடி | ஞாயிறு, இரவு 9:20

சனிக்கெழம நானும் வாரேன் தம்பி. என் ரசீது ஏழையும் எடுத்துட்டு வாரேன், அந்த வக்கீல் அம்மா கிட்டக் காட்டணும்.

சேரன்மாதேவி வண்டி | ஞாயிறு, இரவு 9:31

வாங்க அண்ணாச்சி. ஒம்பது மணிக்குக் கோர்ட் வாசல்ல நிப்பேன். மகளும் வாரா. அவ வாசிச்சு முடிக்காம எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு இப்பவே சொல்லிட்டா.